பிறந்த வீட்டுக் கதவு

கம்பம் மார்க்கெட்டில் வாழை இலை விற்கும் பஞ்சம்மாளுக்குச் சொத்து என்று இருந்தது ஒன்றே முக்கால் சென்ட் இடமும் அதில் ஒரு ஓட்டு வீடும்தான். புருஷன் செத்தபிறகு பதினொரு வருஷம் இலை அறுத்துக் கட்டின வீடு. அதைச் சர்க்கார் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டு, 2003 ஆடியில் சென்னையிலிருந்து நோட்டீஸ் வந்தது.

எல்லாம் தம்பி சுருளியாண்டி செய்த புண்ணியம். கஞ்சா கடத்தி மாட்டி, பத்து வருஷத் தண்டனையில் மதுரை ஜெயிலில் இருந்தான். அப்படித் தண்டனை வாங்கினவன் சொத்து மட்டுமில்லை, கூடப்பிறந்தவள் சொத்தும் சந்தேகத்துக்குள் வருமாம். நல்ல காசில் வந்தது என்று அவள்தான் நிரூபிக்க வேண்டுமாம். என்ன நியாயமோ!

விசாரிக்க வந்த வெளியூர் அதிகாரியிடம் அவள் வெள்ளந்தியாக, "இலை வித்த காசுல கட்டுனதுங்கய்யா" என்றாள். போயும் போயும் அந்தச் சொல்லா வரவேண்டும்? சுருளியாண்டியின் கூட்டாளிகள் கஞ்சாவுக்கு வைத்திருந்த பேரும் இலைதான். அதிகாரி அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதி, கைநாட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இலையை வாழை இலை ஆக்குவதற்கு மூன்று வருஷம், ஏழு தடவை சென்னை. பஸ்ஸில் கண் மூட முடியாது. வந்து இறங்கியதும் தோப்புக்குப் போகாமலும் முடியாது. இலைக்கு எவன் பில் கொடுக்கிறான்? தோப்புக்காரர், ஹோட்டல்காரர் என்று ஆளாளுக்குக் காலைப் பிடித்து எழுதி வாங்கினாள். "செத்துத் தொலைஞ்சாக்கூட இம்புட்டு அலைச்சல் இருக்காதுய்யா" என்று வக்கீல் சுந்தரலிங்கத்திடம் ஒருநாள் சொல்லியே விட்டாள்.

கடைசி விசாரணையில் எல்லாம் ஒத்து வந்த மாதிரித்தான் இருந்தது. ஃபைலை மூடப்போன சென்னை அதிகாரி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்க தம்பி இந்த வீட்டுக்கு எதுவுமே கொடுக்கலையா?"

வக்கீல் கண்ணைக் காட்டினார். பஞ்சம்மாளுக்குக் கால் கடுத்தது. ஒரு பொய்யைச் சொல்லி, அது வெளியே வந்து, எட்டாம் தடவை பஸ் ஏற அவளுக்குத் தெம்பில்லை.

"நிலையும் கதவும் அவன் கொண்டாந்ததுங்கய்யா. பிறந்த வீட்டுச் சீரு. சீர் இல்லாம குடிபோனா ஊருல சிரிப்பாகள்ல?"

"ஏன் ஆத்தா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று வெளியே வந்து வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. வீடு அவளுடையது. நிலையும் கதவும் மட்டும் குற்றத்துக் காசில் வந்தவை. அவற்றின் மதிப்பை அபராதமாகக் கட்டினால் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். காதில் கிடந்த தோட்டை விற்றுக் கட்டினாள்.

2010-இல் ஒரு மத்தியானம் சுருளியாண்டி விடுதலையாகி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பை ஆரஞ்சு. உள்ளே வராமல் வாசலில் நின்று கதவைத் தடவினான்.

"நான் போட்ட கதவு இன்னும் கிண்ணுன்னு இருக்கேக்கா!"

"நீ போட்ட கதவு சர்க்காருக்குப் போச்சுடா. இது என் தோட்டை வித்து நான் வாங்குனது."

அவன் பழப்பையை நீட்டினான். அவளுக்குக் கை முன்னே வரவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"இதுக்குப் பில்லு இருக்கா?"

கேட்டபிறகுதான் உறைத்தது. பத்து வருஷம் கழித்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாள்களை எடுத்தான். ஒன்று, ஜெயில் தறியில் நெய்த கூலிக்குக் கொடுத்த சீட்டு. இன்னொன்று பழக்கடை பில்.

"இருக்குக்கா. எவனாச்சும் கேப்பான்னு வச்சிருந்தேன். நீ கேப்பேன்னு நெனைக்கல."

ஏழு தடவை சென்னை போய் வந்தும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத பஞ்சம்மாள், நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.