தேய்ந்த கார்பன்

அன்று காலை அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தையல் மிஷின் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தது. அவர் செம்புக் கம்பி சுற்றினார். மின் பொறியாளரான மகள் மீட்டர் வைத்துப் பார்த்தாள்.

“காயில் நல்லா இருக்குப்பா. கரன்ட் கடத்துற கார்பன் கட்டைதான் தேஞ்சு போச்சு.”

“என்னை மாதிரி,” என்றார். “புதுசு மாட்டினா ஓடும். நான் ஓடலையா?”

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகு போனது. வலிக்குக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் ஆளை விடவில்லை. டாக்டர் நிறுத்தியதும் தெருவில் வாங்கினார். கையில் காசு தீர்ந்ததும் கை நீளத் தொடங்கியது. குழாய், பூட்டு, அடுத்த வீட்டு சைக்கிள். இரும்பென்றால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று தெருவே அவருக்குக் ‘காந்தம்’ என்று பெயர் வைத்தது. “காந்தம் வருது, கேட்டைப் பிடிச்சுக்கோ!” என்பார்கள். கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்ணின் மோட்டாரும் அப்படிப் போனதுதான். அதிலிருந்து அவள் காலால் மிதித்துத் தைக்கிறாள்.

பிறகு சிகிச்சை. தினமும் போதை மறுவாழ்வு மையத்துக்குப் போய், நர்ஸ் கண்ணெதிரே ஒரு சின்னக் கப் மருந்து குடிக்க வேண்டும். கிறக்கம் வராது, நடுக்கமும் தவிப்பும் அடங்கும். யாரும் புத்தி சொல்லவில்லை, திருட்டு தானாக நின்றது. வேலைக்குப் போனார். வீட்டில் மகளின் பர்ஸ் மேசைமேலேயே கிடந்தது. தெரு மட்டும் பெயரை மாற்றவில்லை.

மோட்டார் தருகிறேன் என்றபோது தையல்காரப் பெண் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே சொன்னாள்: “முதல்ல கொண்டு வாங்கண்ணே. வாயால ஓடுற மோட்டாரை நிறைய பாத்துட்டேன்.”

அதனால்தான் அன்று, தேய்ந்த கார்பனை மாதிரிக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதுசு வாங்கக் கிளம்பினார். கடை வாசலிலேயே போலீஸ் பிடித்தது. புதுக் கட்டடம் ஒன்றில் வயர் திருட்டுப் போயிருந்தது. வேறு யாரையும் யோசிக்கவே இல்லை.

உள்ளே அந்த மருந்து கிடையாது. மகள் போய்க் கெஞ்சினாள்.

“போதைக்குப் போதையா? இது என்ன ஹோட்டலாம்மா?” என்றார் ஏட்டு.

“மருந்து சார். அதைக் குடிக்கிறதாலதான் அவர் திருடுறதில்ல.”

“அப்ப இங்க எதுக்கு இருக்காரு?”

பல நாள் கழித்து, அசல் திருடன் சிக்கியதும் விட்டார்கள். வாந்தியிலும் பேதியிலும் ஆள் பாதியாகியிருந்தார். மையத்தில், இடையில் விட்டவர்கள் டாக்டரைப் பார்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

“அதுவரை தாங்குவீங்களாப்பா?”

“லிஃப்டுக்குக் கீழயே நின்னவன்மா நான். மோட்டாரைத் துடைச்சு வை, கார்பனோட வரேன்.”

கடைக்கென்றுதான் இறங்கினார். மாத்திரை வாங்கும் பழைய இடத்துக்குப் போய், பழைய அளவையே போட்டுக்கொண்டார். உடம்புக்கு அந்த அளவு மறந்திருந்தது. பஸ் நிலையக் கழிப்பறையின் கதவை உடைத்து உடலை எடுத்தார்கள்.

மகள் படித்த படிப்புக்கு இது புரியாத கணக்கல்ல. சுமை அதே சுமை, கம்பி மெலிந்துவிட்டது. புரிந்து என்ன?

ஆஸ்பத்திரியில் ஒரு கவரைக் கையில் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, தேய்ந்த கார்பன். அவள் படியேறும்போது கீழ்வீட்டில் மிதிக்கிற சத்தம் நிற்காமல் கேட்டது. மோட்டார் மேசைமேல் துடைத்தபடியே இருக்கிறது. கார்பன் வாங்கவில்லை.