வெல்டர் இல்லாத மாடல்

1. விரிசல்

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மாடி டிசைன் ஆபீசில், இரும்புச் சட்டங்கள் பாரம் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுக் கணக்கிடும் ஸ்ட்ரெஸ் அனலிஸ்ட்டாக இருந்தேன். கன்வேயரைத் தாங்க நாங்கள் வரைந்து கொடுத்த குழாய்ச் சட்டத்தில், சாய்வான குழாய் பெரிய குழாயோடு சேரும் இடத்தில் விரிசல் விழுந்தது. போட்டோவைப் பார்த்ததுமே மேனேஜர், வெல்டிங் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். வெல்டர் ஆரோக்கியராஜ் பெரும்பாக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். கிளையன்ட் அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தது.

விரிசல் வெல்டில் இல்லை. அதன் ஓரத்தை ஒட்டி, பெரிய குழாயின் சுவரில் ஓடியிருந்தது. எடை குறைய வேண்டும் என்று அந்தச் சுவரின் தடிமனைக் குறைத்தவர் மேனேஜர். அப்போது போட்டது பீம் மாடல். அதில் குழாய்கள் வெறும் கோடுகள், இணைப்பு ஒரு புள்ளி. சுவர் வளைவது அதில் தெரியாது.

2. சிவப்பு

இந்த முறை சுவரையும் சேர்த்து ஷெல் மாடல் போட்டேன். திரையில் வெல்ட் ஓரம் சிவந்தது; அங்கே ஸ்ட்ரெஸ் அளவு மீறுகிறது என்று அர்த்தம், பச்சை என்றால் பயமில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அது சிங்குலாரிட்டிம்மா. காலேஜ் பசங்களுக்கே தெரியும். ஸ்கேலை ஏத்தி விடு, பச்சையாயிடும்."

கூர்மூலையில் மெஷ்ஷை, அதாவது மாடலைப் பிரிக்கும் கட்டங்களை, பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பொய் எண்ணுக்குத்தான் சிங்குலாரிட்டி என்று பெயர். அதனாலேயே ஓரத்து எண்ணை நான் எடுக்கவில்லை. சற்றுத் தள்ளி இரண்டு இடங்களில் எடுத்து, அங்கிருந்து ஓரத்துக்குக் கோடு நீட்டிக் கணக்கிட்டேன். மெஷ்ஷை மாற்றியும் அந்த எண் அசையவில்லை. அனுமதித்த அளவைத் தாண்டித்தான் நின்றது.

"வெல்டு குறையே இல்லாததுன்னு வெச்சுதான் போட்டிருக்கேன் சார். என் மாடல்ல வெல்டரே கிடையாது. அப்பவும் தாங்கல."

"உன்னை யாரு அவனுக்கு வக்கீலா வெச்சா?"

எந்த எண்ணுக்கு மேல் சிவப்பு என்று வைக்கும் அந்த ஸ்கேலை அவரே ஏற்றினார். படம் பச்சையானது. ரிப்போர்ட்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, வெல்டிங் குறை என்றே அனுப்பினார்.

ஆரோக்கியராஜ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கம்ப்யூட்டர்ல இன்னா வந்துச்சு மேடம்?"

உங்கள் வெல்டில் தப்பில்லை என்றேன்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க சொல்லுங்க."

கிளையன்ட்டின் இன்ஜினியருக்கு என் கணக்கை அனுப்பினேன். பதில் இல்லை. மேனேஜர் என்னை வேறு வேலைக்கு மாற்றினார். பிறகு ஒருநாள், தடிமன் கூட்டிய புது டிராயிங் எங்கள் ஆபீசிலிருந்தே சத்தமில்லாமல் போனது. கணக்கை நம்பியிருக்கிறார்கள். ஆரோக்கியராஜை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பச்சைப் படத்தைக் கண்டால், ஸ்கேலின் உச்ச எண் என்ன, அதை வைத்தது யார் என்று முதலில் கேளுங்கள்.

அந்த இணைப்பில் இப்போது விரிசல் இல்லை. புது வெல்டர் கைராசிக்காரர் என்று அங்கே பேச்சு.