வெள்ளைப் பூ எந்த மொழிக்கு?

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. தாளுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் துணிச்சல் வருகிறது.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் வீடு தென்காசியில். சீசன் தொடங்கியதும் அப்பா குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க் கடை போடுவார். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், தமிழும் இங்கிலீஷும் போக இன்னொரு மொழி எடுக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். இந்தி உண்டு. அந்த வருஷம் புதிதாகப் பிரெஞ்சும் உண்டு. காரைக்காலிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அவர் கணவருக்கு எங்கள் ஊர் மின்சார ஆபீசில் வேலை. எந்த மொழி என்று திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிரெஞ்சுதான் வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் குற்றாலம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அந்த டீச்சர் இருந்தார். மடியில் அவருடைய சின்ன மகள். வெளியே சாரல். மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெண்மையாக ஏதோ நின்றது. டீச்சர் குழந்தையிடம் பிரெஞ்சில் மெல்லப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஈர ஜன்னலில் நீர் இறங்குவது போல அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. குழந்தை அப்படியே உறங்கிப்போயிற்று. பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கினேன். அன்றைக்கு முழுவதும் காதுக்குள் அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பாவோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். தலையில் எண்ணெய் வைத்து அருவிக்குக் கிளம்புகிற மனிதரை நிறுத்தி, "ஐயா வீட்ல பிள்ளைக என்ன பாஷை படிக்கு?" என்பார்.

"பிரெஞ்சு எடுங்க, மார்க் அள்ளலாம்" என்றார் ஒரு மெட்ராஸ்காரர்.

"இந்தி படிச்சா டெல்லி வரைக்கும் வேலை" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர், "மொதல்ல அந்தத் துண்டக் குடுங்க அண்ணாச்சி, எண்ணெ கண்ணுல எறங்குது" என்றார்.

அப்பா காலையில் இந்தி என்பார், மதியம் பிரெஞ்சு என்பார். ஞாயிற்றுக்கிழமை டெல்லி வேலை சொன்னவர் பேச்சு மேலோங்கி இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாறவன் போறவன் கிட்டல்லாம் கேட்டது போதும். பூக்கட்டிப் பாத்திருவோம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் மனசு ஒரு முடிவுக்கு வராவிட்டால் அப்படித்தான் செய்வோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இலையில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. அருவிக்குப் போகிற வழியிலிருந்த பிள்ளையார் கோயிலில் அம்மா நந்தியாவட்டையையும் அரளியையும் கட்டிப் போட்டாள். சின்னக் குழந்தை யாரும் அகப்படவில்லை. என்னையே எடுக்கச் சொன்னார்கள்.

எந்தப் பூ எந்த மொழி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. பிரெஞ்சு, பிரெஞ்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை.

"இந்தி!" என்றார் அப்பா.

"பிரெஞ்சு!" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில்.

"ஏளா, வெள்ளைன்னா இந்திதான? கதர் வெள்ளைல்லா?"

"நல்லாருக்கே! வெள்ளைக்காரன் பாஷைக்குத்தான நான் வெள்ளைய நெனச்சுக் கட்டுனேன்."

"எங்கிட்டச் சொன்னியா?"

"நீங்க கேட்டியளா?"

குளித்துவிட்டு ஈரத்தோடு போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா இன்னொரு தடவை கட்டச் சொன்னார். பூசாரி கையை ஆட்டினார்.

"சாமிகிட்ட ஒரே காரியத்த ரெண்டு மட்டம் கேக்கப்பிடாது. எடுத்த பிள்ளைட்ட கேளுங்க, என்னத்த நெனச்சு எடுத்துச்சுன்னு."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது.

"சொல்லுட்டி, இங்கன யாரு இருக்கா?" என்றார் அப்பா. சுற்றிலும் ஒரு கூட்டமே இருந்தது.

அவருடைய வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு, "பிரெஞ்சு" என்றேன்.

"எதுக்கு? மார்க்குக்கா?"

"கேக்க நல்லாருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். "இம்புட்டுப் பேருட்ட கேட்டேன், ஒருத்தனும் இதச் சொல்லலையே" என்று சொல்லிக் கடையைப் பார்க்க நடந்தார். அம்மா அந்தப் பூவை என் தலையில் வைத்தாள். திரும்புகிற வழியெல்லாம் கால் தரையில் பட்டதாக நினைவில்லை.

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்து பிரெஞ்சுக்குப் பெயர் கொடுத்தார். சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிட்டோம். அன்று பாடம் நடக்கவில்லை. டீச்சரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.