வண்டி நிற்கிற ஊர்

ராமேசுவரம் போகிற வழியில், இந்தச் சின்ன ரயில் நிறுத்தத்தைக் கண்டதும் மகனிடம் காரை நிறுத்தச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் நானும் அவரும் இங்கேதான் வந்து இறங்கினோம். அன்றைய கூட்டத்தில் கருவாட்டுக் கூடை இடித்து என் பட்டுச்சேலையெல்லாம் மணத்தது. இன்றைக்கு மேடையில் ஆளே இல்லை.

டிக்கெட் ஜன்னலில் ஒரு பெண் டிக்கெட் வாங்குகிறாள். வாங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு ஊரைப் பார்த்து நடக்கிறாள்.

“ஏந்தாயி, வண்டி வரப்போகுதே, ஏறலயா?”

“நான் எங்க போறேன், ஆத்தா? டிக்கெட் விக்காத ஸ்டேசனுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்காதாம், வண்டியும் நிக்காதாம். எம்மக ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய் வாரது இந்த வண்டியிலதான். அதான் ஊருக்குள்ள முறை வச்சு வாங்குறோம். இன்னைக்கு எங்க வீட்டு முறை.”

நான் வந்திறங்கிய ஊரில் வண்டி நிற்காமல் போவதா? ராமேசுவரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குகிறேன். காரிலிருந்து மகன் கூப்பிடுகிறான்.

“ஏலே, நீ காரக் கொண்டுக்கிட்டு முன்னால போ. நான் ரயில்ல வாரேன்.”

“நெசமாவே ஏறப்போறீகளா ஆத்தா?” என்று அந்தப் பெண் சிரிக்கிறாள்.

வண்டி வந்து நிற்கிறது. ஏறுவதற்கு நான் ஒருத்திதான். படி உயரமாக இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் மெதுவாகவே ஏறுகிறேன். வண்டி கொஞ்ச நேரம் நிற்கட்டும்.