பக்கத்து சீட்டின் பிரேக்

மகளோடு இருக்கலாம் என்று அக்கா நாட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் நாற்பத்தொரு கிலோமீட்டர். அந்த நாற்பத்தொரு கிலோமீட்டரில் அவள் ஒரு தடவைகூட பிரேக்கை மிதிக்கவில்லை.

ஓட்டியது என்னவோ தம்பிதான். ஆனால் அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. பதினான்கு வருடம் டிரைவிங் ஸ்கூல் வண்டியாக ஓடிய கார் அது. கற்றுக்கொள்கிறவர் கை கால் பதறினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நிறுத்துவதற்காக வைத்த பெடல். பதினான்கு வருடமும் அங்கே உட்கார்ந்திருந்தவள் அக்கா. கண்டவர் உயிரையெல்லாம் காப்பாற்றி வலது முழங்கால் தேய்ந்துபோன பிறகுதான் ஸ்கூலை மூடினாள். வண்டியைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். கூரைமேல் பலகை மாட்டியிருந்த நான்கு ஓட்டைகளும், பின்கண்ணாடியில் உரித்தும் போகாத சிவப்பு எழுத்தின் தடமும் இன்னும் இருக்கின்றன.

வண்டி கைமாறினாலும் அவள் கால் மாறவில்லை. தம்பி ஓட்டும்போது தெருமுனையில் ஒரு பூனை தலைகாட்டினால் போதும், இந்தப் பக்கமிருந்து பிரேக் விழும். இவன் நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்கும். "பூனை அங்கேயேதான்க்கா இருக்கு" என்பான். "இருக்கட்டும்டா, இருக்கணும்னுதானே மிதிச்சேன்" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வேண்டுமென்றே ஒரு லாரியை ஒட்டிப் போனான். அதன் நம்பர் பலகையில் காய்ந்திருந்த சேறு தெரிகிற அளவுக்கு. அக்கா கைப்பையைக் காலடியில், பெடலுக்கு முன்னால் வைத்திருந்தாள். பாதங்களைச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவனேதான் பிரேக் போட வேண்டியிருந்தது.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கினான். எப்போதும் சொல்கிற "மெதுவா போ" வரும் என்று நின்றான். "சரிடா, வண்டிய எடு. பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். பசிதான் வந்தது.

ஊரில் அவனுக்கு 'கிளட்ச்' என்று பெயர். கார் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவனை யாரோ நகைச்சுவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினான், நின்றுபோனான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி நின்றுபோனான். "கிளட்ச படக்குனு விட்டுட்டான்டா" என்று கூட்டத்தில் ஒரு குரல். அன்றைக்கு வந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான். பெயரும் ஒட்டிக்கொண்டது.

பேசுவதெல்லாம் கார்தான். வேறு எதுவும் தெரியாது என்று அவனே சொல்வான். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் வாசலில் நின்ற மாமனார் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தது, எஞ்சின் சத்தத்தை வைத்து யார் வீட்டில் இன்று சண்டை என்று சொல்லிவிடுவது, புது வண்டி வாங்கியவன் சீட்டு பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் ஆறு மாதம் வழுக்கிக்கொண்டே ஓட்டியது. இவற்றுக்கெல்லாம் மூன்று நொடி, நான்கு நொடி சிரிப்பு. பதிவைப் போட்டுக் கேட்டு நொடிக்கணக்குப் பார்ப்பது அவன் வழக்கம்.

அக்காவின் பிரேக்குக்கு ஏழு நொடி. சோபாவில் உட்கார்ந்து டிவியில் ரேஸ் பார்க்கும்போதும் அவள் தரையை மிதிப்பதை நடித்துக் காட்டுவான். அக்காவே அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

ஒருநாள் அதன் வாலில் ஒரு வரி சேர்த்தான். "எங்க அக்கா பூனைக்கு பிரேக் போட்டா, நாய்க்கு பிரேக் போட்டா. எங்க மாமா மட்டும் கதவத் திறந்துக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குப் பாத்து கால் மரத்துப்போச்சு."

பதினோரு நொடி. அவன் வாழ்க்கையிலேயே அதிகம். மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமா அக்காவை விட்டுப் போய் அப்போது ஆறு வருடம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் அன்றைக்கு வருவது அவனுக்குத் தெரியும். டிக்கெட் கொடுத்ததே அவன்தான். அவளும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தான்.

"நல்லா கைதட்டினாங்க" என்றாள் வெளியே வந்ததும். காரில் ஏறினாள். பாதங்களைச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பெடலை அவள் தொடவே இல்லை. நான்கு மாதம் கழித்து விமானம் ஏறினாள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி வந்தது: "வந்துட்டேன்." பிறகு ஒன்றுமில்லை.

அவன் முதலில் அந்த வரியை எடுத்தான். பிறகு அக்காவையே எடுத்தான். எடுத்த இடத்தில் வைக்க ஒன்றுமில்லை. ஜனங்கள் விடவில்லை, "அக்கா பிரேக் போடுங்க" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். வைப்பரைப் பற்றி ஏதோ பேசிவிட்டு இறங்கினான். உடம்பு சரியில்லையா என்று அரங்க மேலாளர் கேட்டார். யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. சிரித்தால் சிரிப்பும் கேட்டது, பக்கத்து வீட்டு டிவி மாதிரி.

மூன்றாம் மாதம் ஒரு வரி எழுதினான். "இனிமே மேடையில உன்னப் பத்திப் பேச மாட்டேன் அக்கா. தப்பு பண்ணிட்டேன்." படித்துவிட்டாள் என்று மட்டும் போன் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார்க்காரர்கள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, எந்த ஆயில் நல்லது என்று பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற தோரணையில் விவாதிப்பார்கள். அக்கா போனபிறகும் அவன் போய்க்கொண்டிருந்தான். காரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அங்கே எல்லோரும் 'பாலிஷ் அண்ணன்' என்று கூப்பிடும் பெரியவர், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மரியாதை என்றார். "அந்த ரெண்டாவது பெடலக் கழட்டிரு தம்பி. ஆறு விரல் மாதிரி இருக்கு."

சரி என்று மெக்கானிக்கிடம் விட்டான். மெக்கானிக் ஸ்பேனரோடு குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து, "இதப் பாத்தியா?" என்றார். பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, ஓரிடத்தில் மட்டும், ஒரு கால் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளமாக.

"இன்னைக்கு வேணாம்."

"என்னப்பா, உன் பல்லையா பிடுங்கப் போறேன்?"

"வேணாம்ண்ணே."

அடுத்த மாதமும் விட்டான், அடுத்த மாதமும் வேண்டாமென்றான். நாலாவது முறை மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பதினோராம் மாதம் ஒரு மத்தியானம் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் போன் அதிர்ந்தது. அக்கா.

"மாப்பிள்ளை வண்டியில இந்தப் பக்கம் பிரேக் இல்ல. மிதிச்சு மிதிச்சு கால்மிதி ஓட்டையாயிடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லாம புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டார். அதுவும் ஓட்ட விழப்போகுது. இத நீ மேடையில சொல்லிக்கோ. மாமாவ விட்டுரு."