கரிசல் ரோட்டுக்கு எந்த வண்டி

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஆம்பிளைகள் பேசுவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எத்தனை சி.சி., எம்புட்டு வேகம், பிக்கப் எப்படி என்று டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசுவார்கள். பின்னால் ஒருத்தி சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வரப்போகிறாளே, அவளுக்கு எப்படியிருக்கும் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நான் டூ ஸ்ட்ரோக்கிலும் உட்கார்ந்து பார்த்தவள், ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் உட்கார்ந்து பார்த்தவள். எந்த வண்டி சரிப்படும் என்பதில் என் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் இதில் பேச எனக்கு உரிமை உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லாபுரத்தில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. எனக்குப் பள்ளிக்கூடம் பேரையூருக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கரிசல் காட்டுக்குள் போகிற ஒரு ஊரில். மெயின் ரோடு வரைக்கும் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஊருக்குள் போகிற ஒரே பஸ் மட்டும் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வந்து சேரும். மெயின் ரோட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாலும் பிரேயர் முடிந்திருக்கும். தலைமையாசிரியர் திட்ட மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். மூன்று நாள் தாமதமென்றால் ஒருநாள் லீவைக் கழித்துவிடுவார். தீபாவளி வருவதற்குள் என் லீவெல்லாம் கரைந்துபோனது.

என் மாமியார் கொடுமைக்காரர் இல்லை. நான் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புவதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்.

“இம்புட்டுப் பாடுபட்டு அந்த வேலை எதுக்குத்தா? அரைப் பரீட்சை வரைக்கும் பாரு. அப்பவும் இப்படியேதான்னா வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு.”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். எங்கப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டி என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தவர். எங்கள் வகையறாவில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் நான். எழுதிக் கொடுப்பதாவது! உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. மதிய ஷிப்ட் வாரங்களில் காலையில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, கூட வேலை பார்க்கிறவரிடம் ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். பிடித்திருந்தால் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இருநூற்றைம்பது சி.சி. டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நல்லதைச் சொல்ல வேண்டுமே, லேசான வண்டி. காலை வைத்து அமுக்கினால் கிளம்பிவிடும். திருமங்கலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. பட்டாணி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருக்கும். எனக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாது, குரலில் தெரிந்தது. எனக்கு வாய்த்தது என்னவோ புகைதான். வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து கலக்க வேண்டும். அங்கேதான் என் வீட்டுக்காரரின் புத்தி வேலை செய்தது. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் அவர். உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் நல்லதென்றால் இன்ஜின் சூட்டுக்கும் நல்லதுதானே! பெட்ரோல் பங்கில் அளந்து ஊற்றியதற்கு மேலே, வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். வண்டி மேல் அம்புட்டுப் பாசம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வருகிற நாள். மெயின் ரோட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் கரியும் எண்ணெயுமாக அப்பிக் கிடக்கிறது. அவர் துடைத்தார், ஊதினார், மறுபடி மாட்டினார். உதைத்து உதைத்துக் கால்தான் ஓய்ந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். முந்தின நாள் மழை. கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. போய்ச் சேர்ந்தபோது என் வகுப்பில் என் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியர் தணிந்த குரலில்தான் சொன்னார். அது அறைந்த மாதிரி இருந்தது.

ராத்திரி வீட்டில் அவர் எண்ணெய் ஊற்றிய கதையை ஒப்புக்கொண்டபோது ஒரே வார்த்தைதான் கேட்டேன். “எண்ணெய் தேச்சு விட்டீகளே, தலைக்குச் சீயக்காயும் தேச்சு விட்டீகளா?” அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மறுவாரம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் விலைக்கு நின்ற பழைய வண்டியை அவர் கேட்டு வாங்கி வர, அதில் பள்ளிக்கூடம் வரைக்கும் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். முன்னூற்றைம்பது சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர். எருமைக் கனம். உதறல் என்றால் அப்படியொரு உதறல், கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டிரண்டாகத் தெரியும். என் டிபன் பாக்ஸ் மூடி திறந்து ரசமெல்லாம் பைக்குள் ஓடியது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஒழுக்கும். இத்தனையும் இருந்தும் புகை கிடையாது. ஆயில் தனியாக இன்ஜினுக்குள்ளேயே இருப்பதால் பெட்ரோலில் கலக்கிற வேலையும் கிடையாது. முக்கியமான விஷயம், கரிசல் சேற்றில் டூ ஸ்ட்ரோக் வேகம் குறைந்தால் அழ ஆரம்பித்துவிடும். இது வேகம் குறையக் குறைய நிதானமாக இழுத்தது. அந்த இழுவை பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு இடுப்பில் தெரிந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

“இது ஓடாது, நடக்கும்,” என்றார் அவர்.

“எனக்கு ஓட வேணாம். போய்ச் சேந்தாப் போதும்.”

காலை ஷிப்ட் வாரங்களில் யார் கொண்டுபோய் விடுவது என்று கேட்டார். நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டூ ஸ்ட்ரோக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வருசம் இன்னும் தண்ணீர் வந்து சேராத கண்மாய்க்குள் பழகினேன். அந்த வண்டியைப் பலத்தால் உதைத்துக் கிளப்ப முடியாது. கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் இறுகி நிற்கும். அப்போது கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரைப் பிடித்து, காற்றை வெளியே விட்டு, ஒரு மயிரிழை தாண்டவிட வேண்டும். பிறகு லீவரை விட்டு, உடம்பு மொத்தத்தையும் இறக்கி ஒரே மிதி. இதில் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்கு அடித்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, ஒரு வாரம் நொண்டினேன். அவர் போதும் விட்டுவிடு என்று கெஞ்சினார். நான் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுபடி கண்மாய்க்குள் இறங்கினேன். எட்டுப் போட்டு லைசென்ஸும் எடுத்தேன்.

அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். அவருடைய பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, அதற்கு மேலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அவனியாபுரத்தில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். திருமங்கலத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். கரிசல் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஆடுகள் குறுக்கே வர, வேகத்தைக் குறைத்தேன், இன்ஜின் அணைந்துவிட்டது.

பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். நான் பதறிப்போய் மிதித்தேன். கிளம்பவில்லை. மறுபடி மிதித்தேன். கிளம்பவில்லை. ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “யக்கா, தள்ளுங்க, நான் உதைச்சுத் தாரேன்,” என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் இன்றைக்கு இவர் உதைத்துக் கொடுத்தால் நாளைக்கு யார்? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தோடு மிதித்தால் எலும்பு போய்விடும் என்றும் தெரிந்தது. வேண்டாம்ணே என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு அடங்குகிற வரைக்கும் நின்றேன். காலை மெதுவாக இறக்கினேன். இறுகியது. லீவரைப் பிடித்தேன், தாண்டவிட்டேன், விட்டேன், உடம்பை இறக்கினேன். டப் டப்பென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்போதுதான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், பேண்ட்டைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் கடிகாரத்தையும் பார்த்தார்.

“நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?”

“ரிட்டயர் ஆகுற வரைக்கும் வருவேன் சார்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாமியாரிடமும் இதையே சொன்னேன். இனிமேல் எழுதிக் கொடுக்கிற பேச்சே வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் என் காலில் இருந்த தழும்பைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போனவர் அங்கிருந்தே கேட்டார்.

“காலையில எத்தனை மணிக்குத்தா சோறு கட்டணும்?”