கோட்டைப் பூங்காவில் கை நனைக்காமல்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாலக்காட்டுக் கோட்டைப் பூங்காவுக்குப் பெண் பார்க்கப் போனோம், நானும் அக்காவும். எனக்கு நாற்பத்தாறு வயது. வயலை நம்பி இருப்பவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய அலுப்பு காலில் இருந்தது. மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் முன்னால் உட்கார வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய அலுப்பு.

அந்தப் பெண் தேவிகுளம் பக்கம் தேயிலை கிள்ளுகிறவர். புருஷன் இறந்து ஆறு வருஷம். அவருடைய அண்ணன் பாலக்காட்டில் ஒரு கடைக்குக் காவல். தன்னுடையது ஒற்றை அறை என்பதால் பூங்காவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அகழி ஓரம், மரத்தடி பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்.

"உங்க ஊர்ல மழை உண்டா?" என்று அந்தப் பெண்ணே கேட்டார்.

"இந்த வருசம் கம்மிங்க."

"எங்க ஊர்ல நில்லுன்னாலும் நிக்காது. கொஞ்சம் அனுப்பி விடட்டுமா?"

எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டாரிடம் கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு முன் சாமியிடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக மடித்து வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு. அதற்காக அக்கா கோட்டைக்குள் இருக்கிற ஆஞ்சநேயர் கோயிலுக்கு எழுந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிச்சறாதடா" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல்.

"நாலு மணிக்கு எந்திச்சு செஞ்சது. ஒரு வாய் சாப்பிடுங்க."

"வேண்டாமுங்க."

"கொஞ்சம்போல."

"இல்லீங்க, வேண்டாமுங்க."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்ன பிறகு சிவப்புப்பூ வந்துவிட்டால் அவரை உட்கார வைத்து வேண்டாம் என்றது போல ஆகுமே என்று யோசித்தேன். யோசித்தபடி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை ரொம்பக் கூச்சப்படுதாரு" என்று அண்ணன் சிரித்தார்.

"கூச்சம் இல்லண்ணே. எஸ்டேட்டுக்காரி கையால திங்க மனசு வரல." டப்பாவை மூடினார்.

"அப்படி இல்லீங்க" என்றேன். இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

அக்கா வேகவேகமாக வந்தாள். "வெள்ளப்பூ வந்துருச்சுடா! எங்கடா அவிய?"

நடந்ததைச் சொன்னேன்.

"பூக் கேக்கப் போயிருக்கறாங்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையாடா வெச்சிருந்த?"

உடனே அந்தப் பெண்ணின் அண்ணனுக்குப் போன் செய்து, பெண்ணிடமே எங்கள் வழக்கத்தை எல்லாம் விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"சரிக்கா. அவரே சொல்லட்டும்."

அக்கா போனை என் கையில் திணித்தாள்.

"வெள்ளப்பூ வந்துருக்குதுங்க" என்றேன்.

"சாமி சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொல்லுதீக?"

பூங்காவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அரை நிமிஷம் பொறுத்திருப்பார். பிறகு வைத்துவிட்டார். அக்கா மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதன் பிறகு அக்கா என்னைப் பெண் பார்க்க எந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை.

எனக்குப் பிடிச்சிருக்குதுங்க. அன்றைக்கு ஊர் திரும்பின சித்தூர் பஸ்ஸில் இதை எத்தனையோ தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். எழுதுவதற்கே எட்டு மாதம் ஆகிவிட்டது.

2024 ஆகஸ்டு 28.